கூடாரத்தில் குளிர் அடியிலிருந்து ஏறும்

கூடாரத்தில் தூங்க ஆளுக்கு இரண்டு கம்பளி இருந்தால், ஒன்றை விரித்துப் படுங்கள். ஒன்றை மட்டும் போர்த்துங்கள். கொடைக்கானல் மாதிரி குளிர் ஊரில், முதல் தடவை வரும் குழந்தைகளும் பெரியவர்களும் பாதி ராத்திரியில் நடுங்கி எழுந்திருப்பது பெரும்பாலும் தரைக்குளிரால்தான். தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பை, அதாவது ஸ்லீப்பிங் பேக் இருந்தாலும் முதுகுக்கு அடியில் பஞ்சு நசுங்கிவிடும். சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று அதில் மிஞ்சாது. அதனால் கம்பளிக்குக் கீழே நுரை மேட் ஒன்றும் போடுங்கள். வீட்டில் குழந்தை விளையாடும், துண்டு துண்டாகக் கோக்கும் மேட் போதும், புதிதாக வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

காற்றடைத்த மெத்தையை நம்பிவிடாதீர்கள்! உள்ளே இருக்கும் காற்று நகர்ந்துகொண்டே இருப்பதால் அது சில்லென்றுதான் இருக்கும். அதன் மேலும் கம்பளி விரிக்க வேண்டும்.

சமவெளியிலோ கடற்கரையிலோ வெயில் காலத்தில் தங்கினால் இது வேண்டாம். அங்கே ஒரு பாயோடு சரி, தரையின் குளுமைதான் சுகம்.