நிதி திரட்டலுக்கும் நிர்வாகத்துக்கும் ஆலோசகரை அமர்த்தும் தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலோசகரை அழைத்து, ஆறு மாதம் வேலை வாங்கி, கடைசியில் அறுபது பக்க அறிக்கை ஒன்றோடு நின்றுபோன தொண்டு நிறுவனங்கள் ஏராளம். அறிக்கை அலமாரிக்குப் போகிறது, கட்டணம் கணக்கில் செலவாகிறது, வங்கி இருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் இதற்கு ஆலோசகரின் திறமைக் குறைவு காரணமல்ல. அவர் செய்ய வேண்டியது எது, அறங்காவலர்கள் மட்டுமே செய்யக்கூடியது எது என்று முதல் நாளிலேயே கோடு போடாமல் விட்டதுதான் காரணம். கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே அந்தக் கோடு அழிந்த இடங்களில் நடப்பவை.

கமிஷன் பேசுவது

"இப்போது கொடுக்கப் பணம் இல்லை. நீங்கள் கொண்டுவரும் நன்கொடையில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள்." சிறிய நிறுவனங்கள் நல்ல எண்ணத்தோடுதான் இப்படிக் கேட்கின்றன. தங்களுக்கு நஷ்டம் வராத ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதைவிட நஷ்டம் தரும் ஏற்பாடு கிடையாது.

பத்து வருடமாகத் தவறாமல் கொடுத்துவரும் ஒருவர் இந்த ஆண்டும் 5 லட்சம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் எந்த நன்கொடை ஆலோசகரால் வந்தது என்ற வரையறை இல்லையென்றால், 50 ஆயிரம் எந்த வேலையும் இல்லாமல் போய்விடும். வரையறை எழுதினாலும், ஒவ்வொரு காசோலைக்கும் "இது யாரால் வந்தது" என்ற வழக்கு தொடங்கும். அடுத்தது, கமிஷனை நம்பி வேலை செய்பவர் இந்த மாதம் கிடைக்கும் தொகையைத்தான் துரத்துவார். இரண்டு வருடம் பழகி வளர்க்க வேண்டிய நன்கொடையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கையேந்துவார். அந்த வீட்டுக் கதவு அதோடு சாத்தப்படும். மூன்றாவது சிக்கல் கணக்கில் வரும். குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வந்த மானியத்தின் பட்ஜெட்டில் கமிஷனுக்கு இடம் இருக்காது. அதிலிருந்து எடுத்தால் நிபந்தனை மீறல், ஆடிட்டில் அது தனியாக எழுந்து நிற்கும்.

அமெரிக்காவில் திரட்டும் தொகையில் சதவீதம் பெறுவதற்கு அரசு உச்சவரம்பு விதிக்க முடியாது என்று 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் நிதிதிரட்டல் தொழில்முறையாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏ.எஃப்.பி. தன் நெறிமுறையில், திரட்டும் தொகையின் சதவீதத்தில் ஊதியம் பெறுவதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்துள்ளது. சட்டம் அனுமதிப்பதைத் தொழில் தர்மம் அனுமதிக்கவில்லை. கமிஷனுக்குத் தானே முன்வரும் ஆலோசகரிடம் இந்த ஒரு காரணத்துக்காகவே எச்சரிக்கையாக இருக்கலாம். நாள் கணக்கிலோ, வேலையின் கட்டங்களைக் கணக்கிட்டோ கட்டணம் பேசுங்கள். பணம் போதவில்லையென்றால் வேலையைச் சுருக்குங்கள்: இருபது நாளுக்குப் பதில் ஐந்து நாள், முழு வியூகத்துக்குப் பதில், மானியம் கேட்டு எழுதும் ஒரே ஒரு முன்மொழிவைத் திருத்தித் தருவது. அது நேர்மையான சிக்கனம்.

கட்டணம் எந்தப் பணத்திலிருந்து போகிறது என்பதையும் முன்பே பாருங்கள். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 2020 திருத்தத்தில் 20 ஆகக் குறைந்தது. அந்த நிதியைத் தொடும்முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவசியம்.

அவருடைய தொடர்புகளுக்காக அமர்த்துவது

"அவருக்குப் பெரிய ஆட்களைத் தெரியும்" என்ற காரணத்துக்காக ஒருவரைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது பெரிய தவறு. ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்தபோது கிடைத்த நன்கொடையாளர் பட்டியல் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். அதை எடுத்துவந்து உங்களிடம் விரிப்பவர், நாளை உங்கள் பட்டியலை இன்னோரிடத்தில் விரிப்பார். நன்கொடை வருவது நம்பிக்கையின் பேரில். அந்த நம்பிக்கை உங்கள் அறங்காவலருக்கும் கொடுப்பவருக்கும் இடையில் உருவாக வேண்டியது. யாரைப் பார்க்க வேண்டும், என்ன பேச வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஆலோசகர் சொல்லித் தரலாம். போய் உட்கார்ந்து கேட்க வேண்டியவர் நீங்கள்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியும் இருக்கிறது. அறங்காவலர்கள் எல்லோரும், தங்களால் முடிந்த அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இந்த ஆண்டு நன்கொடை கொடுத்தார்களா? பெரிய நன்கொடையாளர்கள் இதைக் கேட்பதுண்டு. "இல்லை" என்ற பதிலைச் சமாளிக்க எந்த ஆலோசகராலும் முடியாது.

இலக்கை ஆள் எண்ணிக்கையால் வகுப்பது

ஒரு கோடி வேண்டும். ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்தால் முடிந்தது. ஏறக்குறைய எல்லா அறங்காவலர் கூட்டத்திலும் யாராவது ஒருவர் போடும் கணக்கு இது. நடைமுறையில் நன்கொடை இப்படிச் சமமாக வருவதே இல்லை. மேலே உள்ள சிலர் பெரும்பகுதியைக் கொடுப்பார்கள், கீழே உள்ள பலர் மிச்சத்தைக் கொடுப்பார்கள். ஆயிரம் பேரிடம் ஒரே தொகையைக் கேட்டால், 10 லட்சம் கொடுக்கக்கூடியவரும் பத்தாயிரத்தோடு கடமை முடிந்தது என்று எழுந்துவிடுவார்.

அதனால்தான் அனுபவமுள்ள ஆலோசகர் முதலில் ஒரு நன்கொடை அட்டவணை போடச் சொல்வார். ஒரு கோடிக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 15 லட்சம் ஒருவர், 10 லட்சம் இருவர், 5 லட்சம் நால்வர், 2 லட்சம் பத்துப் பேர். பதினேழு பேரிடமிருந்து 75 லட்சம். மீதி 25 லட்சம் சிறு தொகைகளாக வரும். முதல் நன்கொடை இலக்கில் 10 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு நன்கொடை கிடைக்க மூன்று நான்கு பேரையாவது அணுக வேண்டியிருக்கும் என்பது இன்னொரு கணக்கு. ஆகவே பதினேழு நன்கொடைக்கு 51 முதல் 68 பெயர்கள் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை நேரில் அறிந்த அறங்காவலர் அல்லது ஊழியர் பெயர் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பட்டியலை எடுத்து வைத்து எண்ணுங்கள். பன்னிரண்டு பெயர்தான் தேறுகிறது என்றால், ஒரு கோடி என்ற இலக்கு இன்றைக்கு உங்களுடையது அல்ல. பலருக்கு இந்த இடத்தில் ஆலோசகர் மீது கோபம் வரும். ஆனால் அவர் தரக்கூடிய மிக மதிப்பான வேலையே இதுதான்: இலக்கைக் குறைக்கச் சொல்வது, அல்லது ஒரு வருடம் தள்ளிப்போட்டு உறவுகளை வளர்க்கச் சொல்வது.

கட்டடம், மருத்துவமனைப் பிரிவு போன்ற பெரிய திரட்டலுக்கு முன் சாத்திய ஆய்வு என்று ஒன்று நடத்துவார்கள். கொடுக்க வாய்ப்புள்ள 30, 40 பேரைத் தனித்தனியாகச் சந்தித்துக் கேட்பது. இதில் நடக்கும் தவறு, யார் என்ன சொன்னார் என்று பெயரோடு அறிக்கையில் கேட்பது. பெயர் வெளியே வராது என்ற உறுதி இருந்தால்தான் "உங்கள் செயலாளர் மீது எனக்கு நம்பிக்கையில்லை" என்று ஒருவர் வாய் திறப்பார். இன்னொரு தவறு, பொது அறிவிப்பை அவசரப்படுத்துவது. இலக்கில் பாதிக்கு மேல் உறுதியான பிறகே மேடையில் அறிவிப்பது வழக்கம். பாதிகூட வராத நிலையில் அறிவித்தால், "இவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை போலிருக்கிறது" என்ற எண்ணமே பரவும்.

முன்மொழிவை முழுக்க வெளியாளிடம் விட்டுவிடுவது

எழுத்து அழகாக இருக்கும். மானியமும் கிடைத்துவிடும். அதன் பிறகுதான் வினை தொடங்கும். களப்பணியாளர்களைக் கேட்காமல் "ஒரு வருடத்தில் 600 பெண்களுக்குப் பயிற்சி" என்று எழுதியிருப்பார். இருக்கும் இரண்டு பயிற்றுநர்களை வைத்து 200 பேருக்கு மேல் முடியாது. அறிக்கை கொடுக்கும் நேரத்தில் 600க்குக் கணக்குக் காட்ட வேண்டும். பொய் எழுதுவதா, மானியத்தைத் திருப்புவதா என்ற நிலைக்கு ஒரு நல்ல நிறுவனம் வந்து நிற்பது இப்படித்தான்.

அனுப்பும் முன் மூன்று பேர் படித்தாக வேண்டும். திட்டத்தை நடத்தப்போகும் களப்பணியாளர் எண்ணிக்கைகளைப் பார்க்க வேண்டும். கணக்காளர் பட்ஜெட்டைப் பார்க்க வேண்டும். வாடகை, மின்சாரம், கணக்கு எழுதும் சம்பளம், ஆடிட் கட்டணம் ஆகியவற்றில் இந்தத் திட்டத்தின் பங்கு அதில் சேர்ந்திருக்கிறதா என்பது முக்கியம். அதை விட்டுவிட்டால், கிடைக்கும் ஒவ்வொரு மானியமும் உங்கள் பொது நிதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கையெழுத்திடுபவர் முழுவதையும் படிக்க வேண்டும், கடைசிப் பக்கத்தை மட்டுமல்ல.

ஒப்பந்தத்தில் விட்டுப்போவது

வாய்வார்த்தையில் வேலை தொடங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொழில்முறை நிதி திரட்டுபவரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று 1992 அறநிலையச் சட்டம் சொல்கிறது. சட்டம் கேட்காத நாட்டிலும் இரண்டு பக்கம் எழுதிக்கொள்வது நல்லது. எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் எது கைக்கு வரும், பயணச் செலவுக்கு உச்சவரம்பு, விலக எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது. எழுதாமல் விடப்படுபவை வேறு. நேரில் பேசிய மூத்தவரே வேலை செய்வாரா, அல்லது அவருடைய உதவியாளரா? இதே நன்கொடையாளரை அணுகும் வேறு நிறுவனத்துக்கும் அவர் வேலை செய்கிறாரா? வேலையின் முடிவை ஏற்பது யார்: தலைவரா, செயலாளரா, குழுவா?

எல்லாவற்றையும்விட மறக்கப்படுவது பாஸ்வேர்ட். இணையதளம் ஆலோசகர் பெயரில் பதிவாகியிருக்கும். ஆன்லைன் நன்கொடைப் பக்கம் அவர் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கும். நன்கொடையாளர் பட்டியல் அவருடைய மடிக்கணினியில் எக்செல் கோப்பாக இருக்கும். மனக்கசப்போடு பிரிந்தால் ஒரே நாளில் எல்லாம் கைவிட்டுப் போகும். கணக்குகள் அனைத்தையும் நிறுவனத்தின் மின்னஞ்சலில் திறந்து, அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். வேலை முடியும் நாளில் அனுமதியை எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பது மனிதர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும். அவர்கள் சம்மதமில்லாமல் அது கைமாறக் கூடாது. பிரிட்டனில் நன்கொடை கேட்கும் முறைகள் மீது 2015இல் எழுந்த பொதுமக்கள் கோபம்தான், அடுத்த ஆண்டே இதற்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவாகக் காரணம்.

நிர்வாகச் சீரமைப்பை ஆவணங்களாக வாங்குவது

"எங்களுக்கு எல்லாக் கொள்கைகளும் வேண்டும்" என்று கேட்டால் ஒரு வாரத்தில் பன்னிரண்டு கோப்புகள் வந்துவிடும். சொந்த நலனும் நிறுவன நலனும் மோதும்போது என்ன செய்வது என்று சொல்லும் நலன் முரண்பாட்டுக் கொள்கையை எடுத்துப் பாருங்கள். "உறுப்பினர் தம் நலனை ஆடிட் குழுவிடம் தெரிவிக்க வேண்டும்" என்று இருக்கும். உங்களிடம் ஆடிட் குழுவே இல்லை. வேறொரு நிறுவனத்துக்கு எழுதியது பெயர் மட்டும் மாறி வந்திருக்கிறது. அதை அறங்காவலர் குழு ஏற்றுக்கொண்டுவிட்டால், எழுதிய கொள்கையை நீங்களே மீறுவதாக ஆகும். கொள்கை இல்லாததைவிட அது மோசம்.

நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது கொள்கைக் கோப்பில் தெரியாது, மினிட்ஸ் நோட்டில் தெரியும். நல்ல ஆலோசகர் கடைசி ஒரு வருட மினிட்ஸைக் கேட்டு வாங்கிப் படிப்பார். எத்தனை தீர்மானங்களுக்குப் பொறுப்பாளரும் தேதியும் எழுதப்பட்டிருக்கின்றன, கணக்கு அறிக்கை எத்தனை கூட்டத்தில் வைக்கப்பட்டது, ஒருமுறையாவது யாராவது மாற்றுக் கருத்து சொன்னதாகப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்து கவனிப்பார். ஒவ்வோர் அறங்காவலரையும் தனியாகச் சந்திப்பார். சமீபத்தில் விலகியவர்களையும் சந்திக்கக் கேட்பார். தலைவரோடும் செயலாளரோடும் மட்டும் பேசிவிட்டு எழுதப்பட்ட ஆய்வறிக்கைக்கு மதிப்பில்லை, ஏனெனில் சிக்கல் பெரும்பாலும் அந்த இருவருக்கு நடுவில்தான் இருக்கும். அறிக்கை நேராக முழுக் குழுவின் கைக்கு வர வேண்டும். யாருடைய வேலையை அது ஆராய்கிறதோ அவரே முதலில் வாங்கித் திருத்தி அனுப்பும் ஏற்பாடு கூடாது.

கையிருப்பு நிதியைப் பற்றிய கேள்வியை நிர்வாக ஆய்விலிருந்து விலக்கி வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. பிரிட்டனில் 1996இல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. அரசு நிதியும் நன்கொடையும் ஏராளமாக வந்த நிறுவனம், ஆனால் நெருக்கடியைத் தாங்கும் கையிருப்பு அதனிடம் இல்லை. அதன் அறங்காவலர்கள் பொறுப்பு வகிக்கத் தகுதியற்றவர்கள் என்ற வாதத்தை 2021இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நல்லெண்ணமுள்ளவர்கள் நடத்திய இடத்திலும் கையிருப்பு இல்லாமல் கதவு மூடப்பட்டது, உதவியை நம்பியிருந்த குழந்தைகள் வெளியே நின்றார்கள். எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும், இன்று எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, இடைவெளியை எப்போது நிரப்புவோம் என்ற மூன்று எண்களை ஆலோசகரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். அவற்றை முடிவு செய்வது குழுவின் வேலை.

மூன்று மாதத்தில் பலன் எதிர்பார்ப்பது

அறக்கட்டளை மானியத்துக்கு விண்ணப்பித்துப் பணம் கைக்கு வர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆவது சாதாரணம். தனிநபரின் பெரிய நன்கொடைக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மூன்றாம் மாதத்தில் "இன்னும் ஒன்றும் வரவில்லையே" என்று ஒப்பந்தத்தை முறித்தால், விதைத்த வேலைக்குச் செலவழித்து அறுவடைக்கு முன் வெளியேறியதாகிவிடும். அதற்குப் பதில் மாதாமாதம் பார்க்க வேண்டியவை: எத்தனை சந்திப்பு நடந்தது, எத்தனை விண்ணப்பம் போனது, எத்தனை பேருக்கு நன்றிக் கடிதம் உரிய நேரத்தில் போனது. அடுத்த மாதம் சம்பளம் கொடுக்கவே பணமில்லாத நிலையில் ஆலோசகரைத் தேடுவது வீண். அப்போது செய்ய வேண்டியது செலவைக் குறைத்து, பழைய நன்கொடையாளர்களை இன்றே தொலைபேசியில் கூப்பிடுவது.

முதல் நாளிலிருந்தே ஊழியர் ஒருவரை ஆலோசகரோடு உட்கார வையுங்கள். சந்திப்புக்கு அவரும் போகட்டும், முன்மொழிவின் ஒரு பகுதியை அவரே எழுதட்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும்முன், அந்த ஊழியர் அடுத்த விண்ணப்பத்தை ஆலோசகர் இல்லாமல் தயாரித்துக் காட்ட வேண்டும். அதையே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகவும் எழுதிவிடலாம்.