கேள்வியையும் கட்டளையையும் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சாக மாற்றும்போது செய்யும் தவறுகள்

ஆங்கிலத்தில் ஒருவர் பேசியதை அவர் சொன்னபடியே எழுதாமல், நாம் எடுத்துச் சொல்வதுபோல் எழுதுவதுதான் ரிப்போர்ட்டட் ஸ்பீச். சாதாரண வாக்கியங்களை அப்படி மாற்றுவதில் பெரிய தகராறு எதுவும் இல்லை. "ஹி செட் தட்" என்று ஆரம்பித்து, டென்ஸை ஒரு படி பின்னால் தள்ளினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மதிப்பெண் கோட்டை விடுவது கேள்வியிலும் கட்டளையிலும்தான்.

கணக்குத் தொடங்க வந்த ஒரு பெண்ணிடம் வங்கி மேலாளர், "வேர் டூ யூ லிவ்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதை மாற்றச் சொன்னால் அடிக்கடி வரும் விடை: "தி மேனேஜர் ஆஸ்க்ட் ஹெர் தட் வேர் டூ யூ லிவ்?"

ஒரே வரியில் ஐந்து தப்பு. 'தட்' வரக் கூடாது, 'டூ' வரக் கூடாது, 'யூ' என்பது 'ஷி' ஆக வேண்டும், 'லிவ்' என்பது 'லிவ்ட்' ஆக வேண்டும், கடைசியில் கேள்விக்குறிக்குப் பதில் முற்றுப்புள்ளி. சரியான விடை: "தி மேனேஜர் ஆஸ்க்ட் ஹெர் வேர் ஷி லிவ்ட்."

இந்தத் தப்பு நம் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது? தமிழில் "நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்" என்போம். கேள்வி முழுசாக அப்படியே நிற்கும், பின்னால் ஓர் 'என்று' ஒட்டிக்கொள்ளும். அந்த 'என்று'தான் ஆங்கிலத்தில் 'தட்' ஆக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் மாற்றிய பிறகு அது கேள்வியே இல்லை. கேட்கிற வேலையை 'ஆஸ்க்ட்' எடுத்துக்கொண்டது. அதனால் மீதி வாக்கியம் சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும்: முதலில் எழுவாய், பிறகு வினை.

டென்ஸைச் சரியாக மாற்றுகிறவர்கள்கூட இந்த வரிசையில் வழுக்குவார்கள். "வேர் இஸ் யுவர் பாஸ்புக்?" என்பது "வேர் வாஸ் ஹெர் பாஸ்புக்" ஆகாது, "வேர் ஹெர் பாஸ்புக் வாஸ்" என்றுதான் வரும். "ஹூ சைன்ட் திஸ் ஃபார்ம்?" மாதிரி கேள்விகளில் மட்டும் 'ஹூ'வே எழுவாய் என்பதால் வரிசையைத் தொட வேண்டாம்: "ஹூ ஹேட் சைன்ட் தட் ஃபார்ம்."

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' போடுவது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் 'டிட்'டில் இருக்கிறது. "டிட் யூ பிரிங் யுவர் ஆதார் கார்டு?" என்பதை "இஃப் டிட் ஷி பிரிங்" என்றும், "இஃப் ஷி ஹேட் பிரிங்" என்றும் எழுதுகிறார்கள். 'டிட்' போகும்போது இறந்தகாலத்தையும் கொண்டுபோய்விடுகிறது. அதை 'ஹேட்' போட்டு, வினையின் மூன்றாம் வடிவத்தை வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். "தி மேனேஜர் ஆஸ்க்ட் ஹெர் இஃப் ஷி ஹேட் பிராட் ஹெர் ஆதார் கார்டு." 'டூ', 'டஸ்' போனால் வெறும் இறந்தகாலமே போதும். 'தட் இஃப்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதும் உண்டு, ஒன்று போதும்.

கட்டளைக்கு வருவோம். "சைன் ஹியர்" என்றால் "டோல்ட் ஹெர் டு சைன் தேர்." இங்கே டென்ஸ் மாற்றமே கிடையாது, பழக்க தோஷத்தில் "டு சைன்ட்" என்று எழுதிவிடாதீர்கள். 'அவளிடம்' என்ற நினைப்பில் "டோல்ட் டு ஹெர்" என்று எழுதுவதும் தப்பு. 'செட்'டுக்குத்தான் அந்த 'டு' தேவை. 'டோல்ட்', 'ஆஸ்க்ட்', 'ரிக்வெஸ்டட்' எதற்கும் தேவையில்லை.

"டோன்ட் சைன் ஹியர்" என்பது "டோல்ட் ஹெர் நாட் டு சைன் தேர்" ஆகும். 'டோன்ட்' அப்படியே தங்கிவிடக் கூடாது. 'ஃபர்பேட்' போட்டால் 'நாட்' வேண்டாம், தடுப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "ஃபர்பேட் ஹெர் நாட் டு சைன்" என்றால் பொருளே தலைகீழாகிவிடும்.

எல்லாக் கட்டளைக்கும் 'ஆர்டர்ட்' போடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ராணுவ அதிகாரி ஆர்டர் போடலாம். மருத்துவர் 'அட்வைஸ்ட்.' வாடிக்கையாளரிடம் வங்கி மேலாளர் ஆர்டர் போட்டால் அந்தம்மா வேறு வங்கிக்குப் போய்விடுவார். சந்தேகம் வந்தால் 'டோல்ட்' போடுங்கள். 'ப்ளீஸ்' இருந்தால் அதை எடுத்துவிட்டு 'ரிக்வெஸ்டட்.' "குட் யூ ஃபில் இன் திஸ் ஃபார்ம்?" பார்வைக்குக் கேள்வி, உண்மையில் வேண்டுகோள். அதனால் 'இஃப்' போட்டு இழுப்பதைவிட "ஆஸ்க்ட் ஹெர் டு ஃபில் இன் தட் ஃபார்ம்" என்பதே பொருத்தம்.

'லெட்ஸ்' வந்தால் 'சஜஸ்டட்.' ஆனால் "சஜஸ்டட் ஹெர் டு கோ" என்று எழுதக் கூடாது. "சஜஸ்டட் தட் தே ஷுட் கோ", இல்லாவிட்டால் "சஜஸ்டட் கோயிங்."

அப்புறம் நேரச் சொற்கள். "கம் டுமாரோ" என்று மேலாளர் சொன்னதை "டோல்ட் ஹெர் டு கம் தி நெக்ஸ்ட் டே" என்று மாற்றுகிறோம். அந்தப் பெண் அன்று மாலையே வீட்டில் இதைச் சொல்கிறாள் என்றால் 'டுமாரோ' 'டுமாரோ'வாகவே இருக்கலாம், ஏனென்றால் நாளை இன்னும் வரவில்லை. தேர்வுத் தாளில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே மாற்றித்தான் எழுத வேண்டும்.