மணிகள் மாறும் அரச டியாராவைப் புகைப்படத்தில் இனங்காண்பது எப்படி?

ஒரே டியாரா, அதாவது அரச குடும்பத்துப் பெண்கள் தலையில் அணியும் நகை, ஒரு விருந்தில் முத்துகளோடும் மற்றொரு விருந்தில் மரகதங்களோடும் இன்னொரு நாளில் எந்தத் தொங்கலும் இல்லாமலும் தலையில் அமர்ந்திருந்தால், படங்களை வரிசையாகப் பார்ப்பவர் அவற்றை மூன்று நகைகள் என்றே எண்ணிவிடுவார். அரச நகைகளைப் பற்றி எழுதப்படும் படவிளக்கங்களில் காணும் பிழைகளில் கணிசமானவை இவ்வாறு நேர்பவைதான். இதைத் தவிர்க்க ஒரு விதியைக் கைக்கொண்டால் போதும்: முதலில் சட்டகத்தை அடையாளம் காண வேண்டும், அதன் பின்னரே கல்லைப் பார்க்க வேண்டும். நிறம் கண்ணை உடனே இழுக்கும் என்பதால் பலர் கல்லிலிருந்து தொடங்குகிறார்கள். மணி மாற்றும் வசதி கொண்ட நகையிலோ கல்தான் மிக எளிதில் மாறுவது. சட்டகம் பல தலைமுறைகளுக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இம்முறையைப் பயில்வதற்கு விளாடிமிர் டியாராவைவிட நல்ல பாடம் கிடையாது. ரஷ்யாவின் கிராண்ட் டியூக் விளாடிமிர் 1874-இல் மணந்த மரியா பாவ்லோவ்னாவுக்காக, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் போலின் நகைப்பட்டறை இதைச் செய்தது. வைரம் பதித்த பதினைந்து வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு முத்து தொங்கும். புரட்சி வெடித்த 1917-இல், மரியா பாவ்லோவ்னாவின் ஆங்கிலேய நண்பர் ஆல்பர்ட் ஸ்டாப்ஃபோர்டு மாளிகைக்குள் இரகசியமாகப் புகுந்து, அங்கிருந்த பெட்டகத்திலிருந்து நகைகளை எடுத்து நாட்டுக்கு வெளியே கொண்டுசென்றார். 1920-இல் மரியா பாவ்லோவ்னா இறந்தபின் டியாரா அவருடைய மகள் எலேனாவின் கைக்கு வந்தது. அவரிடமிருந்து 1921-இல் இங்கிலாந்தின் மேரி அரசி அதை விலைக்கு வாங்கினார். 1924-இல் லண்டனின் கேரார்டு நிறுவனம், முத்துகளுக்குப் பதிலாகப் பதினைந்து மரகதங்களையும் மாட்டிக்கொள்ளும்படி அதைத் திருத்தி அமைத்தது. அன்றுமுதல் இதற்கு மூன்று தோற்றங்கள் உண்டு: முத்துடன், மரகதத்துடன், வெறுமையாக. மூன்றாவதை நகை ஆர்வலர்கள் கைம்பெண் கோலம் என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்கு உவப்பானதில்லை, ஆகவே இங்கு வெற்று வடிவம் என்றே எழுதுகிறேன்.

சட்டகத்தை எப்படிப் பார்ப்பது?

படத்தைப் பெரிதாக்கி, தொங்கல்களை மனத்தால் நீக்கிவிட்டு, மிஞ்சும் கோடுகளை மட்டும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஓவியத் திறமை இதற்குத் தேவையில்லை. வட்டமா, வளைவா, இலையா, முடிச்சா என்பது விளங்கினால் போதும். அடுத்ததாக, அந்த உரு எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதை எண்ண வேண்டும். முன்னிருந்து எடுத்த படத்தில் பதினைந்து வட்டங்களும் தெரியா. பக்கவாட்டில் இருப்பவை குறுகித் தோன்றும், கடைசியில் உள்ளவை முடிக்குள் மறைந்துவிடும். அதனால் மொத்த எண்ணிக்கையை விட நடுப்பகுதிதான் கை கொடுக்கும். பதினைந்து ஒற்றைப்படை எண் ஆதலால், நெற்றிக்கு நேர்மேலே ஒரு முழு வட்டம் நின்றாக வேண்டும். அந்த இடத்தில் இரண்டு வட்டங்கள் சந்திக்கும் இணைப்பு இருந்தால், நீங்கள் பார்ப்பது விளாடிமிர் அன்று. அல்லது டியாரா தலையில் ஒருபுறம் சரிந்திருக்கிறது. எது என்பதைத் தலைமுடியின் வகிடு அல்லது மூக்குத்தண்டின் நேர்க்கோடு சொல்லிவிடும்.

வட்டங்கள் தனித்தனியே அடுக்கியவையா, பின்னிக்கொண்டவையா என்பதும் கவனிக்கத்தக்கது. விளாடிமிரில் ஒரு வட்டத்தின் விளிம்பு அடுத்த வட்டத்தின் எல்லைக்குள் புகுந்து செல்லும். ஒப்பீட்டுக்கு, மேரி அரசி கேரார்டிடம் செய்வித்த காதலர் முடிச்சு டியாராவை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் முத்துகள் தொங்குகின்றன. ஆனால் அவை தொங்குவது பத்தொன்பது வளைவுகளுக்குள், ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் வைர முடிச்சு ஒன்று அமர்ந்திருக்கும். மங்கலான படத்தில் இரண்டும் வெள்ளைத் தொங்கல்களின் வரிசையாகவே தெரியும் என்றாலும், வளைவு கீழே திறந்திருக்கும், வட்டம் மூடியிருக்கும் என்ற ஒரு வேறுபாடே குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மாட்டும் இடம்

சட்டகம் உறுதியானபின், கல் எந்த இடத்தில், எப்படி நிற்கிறது என்பதைப் பாருங்கள். மணி மாற்றும் டியாராக்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் கல் தொங்கும்: முத்தின் தலையில் ஒரு சிறு தொப்பியும் அதன்மேல் ஒரு வளையமும் இருக்க, அந்த வளையம் சட்டகத்தின் கொக்கியில் கோத்துக்கொள்ளும். மற்றொன்றில் கல் நிமிர்ந்து நிற்கும்: கல்லைத் தாங்கும் கட்டின் அடியில் உள்ள தண்டு சட்டகத்தின் துளைக்குள் இறங்க, பின்புறம் திருகோ சுரையோ அதை இறுக்கிப் பிடிக்கும். தொங்கும் கல் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. அணிந்தவர் தலையைச் சாய்த்தால் சட்டகம் சாயும், தொங்கல்களோ எல்லாம் ஒரே திசையில் நேர்கீழாகவே நிற்கும். நிமிர்ந்த கல் சட்டகத்தோடு சேர்ந்தே சாயும். தலை குனிந்திருக்கும்போது எடுத்த ஒரு படம், நேராக நின்று எடுத்த பத்துப் படங்களைவிட இந்த வகையில் அதிகம் சொல்லும்.

நிமிரும் வகைக்கு ஸ்வீடன் இளவரசி சோஃபியாவின் டியாரா நல்ல எடுத்துக்காட்டு. 2015 ஜூன் 13 அன்று இளவரசர் கார்ல் ஃபிலிப்பை மணந்தபோது அவர் அணிந்த அந்த வைர டியாராவின் உச்சிகளில் மரகதங்கள் நின்றன. அரசரும் அரசியும் அளித்த பரிசு அது. பின்னாளில் அதே உச்சிகளில் முத்துகளும் டர்க்காய்ஸ் என்ற நீலநிறக் கற்களும் வந்து அமர்ந்தன. மணநாள் படத்தை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் இவற்றைப் புதிய நகைகளாகவே கொள்வார். உச்சிக்குக் கீழேயுள்ள பனையோலை போன்ற வைர வேலைப்பாட்டைப் பார்த்து வைத்திருப்பவருக்கு அந்தத் தடுமாற்றமே வராது.

கல்லின் நிறத்தை எப்போது நம்பலாம்?

வண்ணப் படங்களில் இது பெரும்பாலும் சிக்கலில்லாதது. கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் பழைய படச்சுருள்களும் தகடுகளும் நம் கண்ணைப் போல நிறங்களை உணர்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகள் நீலத்துக்கு மிகுதியாக இசைந்தவை. பின்னர் வந்த வகை பச்சையையும் உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் பரவலாகப் புழக்கத்துக்கு வரும் வரை, மாணிக்கம் கரிபோலக் கறுத்தும் நீலக்கல் எதிர்பார்ப்பதைவிட வெளிறியும் பதிவாவது வழக்கம். ஆகவே பழைய படத்தில் கல் கறுப்பாக இருக்கிறது என்பதிலிருந்து அது இன்ன கல் என்று தீர்மானிக்க முடியாது. அது முத்து அன்று என்று மட்டும் சொல்லலாம், அதையும் நிழலைச் சரிபார்த்த பின்னரே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் கணினியால் வண்ணம் ஏற்றிய படங்களைச் சான்றாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பச்சை மென்பொருளின் ஊகம். அதற்கும் அணிந்திருந்த நகைக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிறத்தைவிட நம்பத்தக்கது பளபளப்பின் தன்மை. முத்தின் மேல் விழும் ஒளி அகன்று, ஓரம் மென்மையாகக் கரையும் ஒரு திட்டாகத் தெரியும். விளாடிமிரில் மாட்டும் மரகதங்கள், கேம்பிரிட்ஜ் மரகதங்கள் என்று பெயர் பெற்றவை, பட்டை தீட்டாமல் வழவழப்பாக உருட்டியவை. அவற்றின்மேல் ஒளிப்புள்ளி சிறியதாக, கூர்மையாக இருக்கும், அதைச் சுற்றிக் கல் ஆழ்ந்த இருளாகத் தெரியும். பட்டை தீட்டிய கல்லில் ஒளி பல துண்டுகளாக உடைந்து சிதறும். கறுப்பு வெள்ளையானாலும் இந்த மூன்றையும் பிரித்தறியலாம்.

வெற்று வடிவம்தான் கடினமானது. வட்டத்தின் வழியே பின்னுள்ள தலைமுடி தெரிந்தால் அது வெறுமை என்பது கேட்பதற்கு எளிய விதி. இரண்டாம் எலிசபெத் அரசி 1953-இல் இந்த டியாராவைப் பெற்றபோது அவருடைய முடி கருமை கலந்த பழுப்பு நிறத்தில் இருந்தது; அந்தக் காலப் படங்களில் வெண்முத்து பளிச்சென்று எழுந்து நிற்கும். முதுமையில் முடி முழுவதும் நரைத்தபின், அதே முத்து வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகிறது. சிறிய அளவிலான படத்தில் முத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அப்போது நிறத்தைத் தேடாமல் நிழலைத் தேடுங்கள். வட்டத்துக்குள் முத்து இருந்தால் அதன் அடிவிளிம்பில் பிறைபோல ஒரு சாம்பல் கீற்று இருக்கும். வெறுமையாக இருந்தால் முடியின் இழைகள் வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அறுபடாமல் ஓடும். ஒரு வட்டத்தில் தெளிவில்லை என்றால் பக்கவாட்டு வட்டங்களைப் பாருங்கள்; அங்கே ஒளி வேறு கோணத்தில் விழுவதால் நிழல் நன்றாக விழும்.

காலத்தைக் கணித்தல்

வடிவம் தெரிந்துவிட்டால், படம் எந்தக் காலத்தது என்பதற்கும் ஓர் எல்லை கிடைக்கிறது. விளாடிமிர் டியாரா மேரி அரசியின் தலையில் இருந்தால் அது 1921-க்குப் பிந்தியது. மரகதங்களோடு இருந்தால் 1924-க்கு முந்தியதாக இருக்க முடியாது. முத்துகள் இருப்பது மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது, ஏனெனில் அவை மூல வடிவத்திலும் இருந்தன, பின்பும் தொடர்ந்தன.

அந்த மரகதங்களின் பயணத்தைத் தொடர்ந்தால் இன்னொரு டியாராவின் படங்களுக்கும் காலம் கணிக்கலாம். 1911-ஆம் ஆண்டின் டெல்லி தர்பாருக்காக மேரி அரசிக்குச் செய்யப்பட்ட உயரமான டியாராவின் உச்சியில் பத்து கேம்பிரிட்ஜ் மரகதங்கள் வரிசையாக நின்றன. 1912-இல் அதில் மாற்றம் செய்து, கல்லினன் என்ற மாபெரும் வைரத்திலிருந்து வெட்டிய கற்களில் 94.4 காரட் எடையுள்ள மூன்றாம் கல்லினன் வைரத்தையும் 63.6 காரட் எடையுள்ள நான்காம் கல்லினனையும் பொருத்தும் வசதி ஏற்படுத்தினார்கள். 1922-இல் மரகதங்கள் நீக்கப்பட்டன. ஆகவே உச்சியில் மரகதங்களோடு தோன்றும் தர்பார் டியாராவின் படம் 1911-க்கும் 1922-க்கும் இடைப்பட்டது. நடுவில் பெரிய வைரங்கள் தெரிந்தால் 1912-க்கு முந்தியது அன்று. 2005-இல் நார்வே அரச தம்பதியரின் வருகையை ஒட்டிய விருந்தில் சார்லஸின் மனைவி கமிலா அணிந்தபோது அதன் உச்சியில் மரகதங்கள் இல்லை.

இந்தக் கணிப்பு இயங்குவதற்கு, கல் நிரந்தரமாக மாற்றப்பட்டதா, விரும்பும்போது கழற்றி மாட்டுவதா என்ற வேறுபாட்டை மனத்தில் நிறுத்த வேண்டும். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் வடிவமைத்து 1853-இல் உருவான கீழைத்தேயச் சுற்றணி என்ற டியாரா ஓபல் கற்களோடு பிறந்தது. ஓபல் ஆகாத கல் என்று கருதிய அலெக்சாண்ட்ரா அரசி 1902-இல் அவற்றை எடுத்துவிட்டு மாணிக்கங்களைப் பதிப்பித்தார். அது ஒருவழிப் பயணம். 1902-க்குப் பிந்திய படத்தில் ஓபலை எதிர்பார்க்க இடமில்லை. நெப்போலியனின் இரண்டாம் மனைவி மேரி லூயிஸின் டயடம் என்ற தலையணி நகையும் இத்தகையதுதான்: 1953-இல் அதை வாங்கிய வான் கிளீஃப் அண்டு ஆர்பெல்ஸ் நகை நிறுவனம் அதன் 79 மரகதங்களைக் கழற்றித் தனித்தனியாக விற்றுவிட்டது, பின்னர் அவ்விடங்களில் டர்க்காய்ஸ் கற்கள் பதிக்கப்பட்டன. இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது அந்த நீல வடிவம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மரகதங்கள் தனித்தனியாகச் சிதறிப்போனதை என்னால் நல்ல காரியம் என்று சொல்ல முடியவில்லை. இத்தகைய நிரந்தர மாற்றம் காலத்துக்கு உறுதியான எல்லைக்கல்லைத் தரும். விளாடிமிரைப் போன்ற மாற்றத்தக்க நகை கீழ்எல்லையை மட்டுமே தரும். 1924-க்குப் பிறகு முத்தா மரகதமா என்பது அன்றைய உடையையும் விருப்பத்தையும் பொறுத்தது.

உடன் அணிந்த நகைகளையும் துணைச்சான்றாகக் கொள்ளலாம். மரகதத் தொங்கல்களோடு விளாடிமிர் வரும்போது கழுத்தில் பெரும்பாலும் டெல்லி தர்பார் மரகத ஆரம் இருக்கும். அதில் நீளம் ஒவ்வாத இரண்டு பதக்கங்கள் தொங்கும், ஒன்று மரகதம், மற்றொன்று 8.8 காரட் எடையுள்ள ஏழாம் கல்லினன் வைரம். டியாராவின் தொங்கல்கள் தெளிவில்லாத படத்தில் இந்த இரட்டைப் பதக்கம் தெளிவாகத் தெரிந்தால், மரகதம் என்று கருதுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் துணைச்சான்றை முதற்சான்றாக்கிவிடக் கூடாது.

முடிவைக் குறித்துவைக்கும்போது, கண்டதையும் அதிலிருந்து கணித்ததையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். ‘பின்னிய வட்டங்கள், நெற்றியின் நடுவில் முழு வட்டம், கருமையான வழவழப்பான தொங்கல்கள்’ என்பது கண்டது. ‘விளாடிமிர், மரகத வடிவம், 1924-க்குப் பிந்தியது’ என்பது கணிப்பு. படம் வெளியான நாளை எடுக்கப்பட்ட நாளாக எழுதிவிடாதீர்கள். அதிகாரபூர்வ உருவப்படங்கள் பல ஆண்டுகள் கழித்தும் மீண்டும் வெளியிடப்படுகின்றன. நாளை இன்னும் தெளிவான படம் ஒன்று கிடைத்தால், இரண்டாவது வரியை மட்டும் திருத்தினால் போதும்.