பல் கிளினிக் கணினிப் பதிவுகளை ஒரே சீராக்குவது எப்படி?

முதலில் பல் எண்ணைச் சரிசெய்யுங்கள். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் (எஃப்டிஐ) ஈரிலக்க முறை ஒன்றே போதும்: நிலைப்பற்களுக்கு 11 முதல் 48, பால் பற்களுக்கு 51 முதல் 85. அமெரிக்க முறையில் அமைந்த மென்பொருளில் 16 என்றால் மேல் இடது ஞானப்பல். எஃப்டிஐயில் அதே 16, மேல் வலது முதல் கடைவாய்ப்பல். இந்தக் குழப்பத்தில் நல்ல பல்லையே பிடுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே பழைய பதிவுகளை எக்ஸ்ரேயோடு ஒப்பிடாமல் மொத்தமாக மாற்றவே கூடாது.

அடுத்தது பெயர். ‘எம். குமார்’, ‘குமார் எம்’, ‘முருகன் குமார்’ மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டுக்கே ஒரு கைபேசி எண்ணைத்தான் பலர் தருவார்கள். அதை அடையாள எண்ணாக வைத்தால் அம்மாவின் பதிவில் மகளின் சிகிச்சை ஏறிவிடும். மத்திய அரசின் 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணான ஆபா எண்ணையோ கிளினிக்கின் சொந்த எண்ணையோ பயன்படுத்துங்கள். வயது வேண்டாம், பிறந்த தேதி வேண்டும். தெரியாதவர்களுக்கு ஆண்டு மட்டும் போட்டு, ‘தோராயம்’ எனக் குறியுங்கள்.

மருந்து ஒவ்வாமைக்கு மூன்று தேர்வுகள்: உண்டு, இல்லை, கேட்கவில்லை. வெற்றுக் கட்டத்தை ‘இல்லை’ என்று படிப்பது உயிருக்கே ஆபத்து.

வடசென்னையில் மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போடுபவர்கள் நிறைய. ‘புகையிலைப் பழக்கம் உண்டு’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. மாவாவா பீடியா, நாளுக்கு எத்தனை, எத்தனை வருடம், எந்தக் கன்னத்தில் அடக்குகிறார் என நான்கையும் தனித்தனிக் கட்டங்களில் பதியுங்கள். அடுத்த பரிசோதனையில் எந்த இடத்தில் வெள்ளைத் திட்டை (புற்றுநோயாக மாறக்கூடியது) தேட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.