பிளேட்டோவின் வானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேட்டோவின் 'சட்டங்கள்' நூலை நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடிப் படிக்கிறோம். சென்ற வாரம் புதிதாக வந்த ஒருவர் ஏழாம் பகுதிக்குத் தாம் எழுதிய குறிப்பை வாசித்தார். 'பிளானேட்டா' என்னும் கிரேக்கச் சொல்லைக் 'கோள்' என்று எழுதியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை. வானியலையும் சோதிடத்தையும் குழப்புகிறவர்கள் ஒருமுறை சொன்னால் திருத்திக்கொள்வார்கள். இது அப்படிப் போகாது.

'கோள்' என்று மொழிபெயர்ப்பது

சூரியன், சந்திரன் என்னும் பெருந்தெய்வங்களை 'பிளானேட்டா' என்று அழைத்து கிரேக்கர்களாகிய நாம் பொய் பேசுகிறோம் என்கிறார், அந்த உரையாடல் நூலில் பேச்சை நடத்தும் ஏதென்ஸ்காரர். அகராதியைப் பார்த்துக் 'கோள்' என்று எழுதினேன். சூரியன் கோள் அல்ல என்று பிளேட்டோ அன்றே கண்டுபிடித்துவிட்டார் என நாற்பது பக்கக் கட்டுரையும் எழுதினேன். ஆறு மாத உழைப்பு. முழுவதையும் கிழித்தெறிய வேண்டியிருந்தது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அச்சொல்லின் பொருள் 'அலைந்து திரிபவை'. நம் கோளும் கிரகமும் பற்றிக்கொள்வதைச் சொல்பவை. அவற்றில் அலைச்சல் இல்லை. அந்தப் பக்கத்தின் வழக்கோ அலைச்சலைப் பற்றியதுதான். விடிவெள்ளி ஒரே வழியில் போகாததைத் தானே பலமுறை பார்த்ததாக, அவருடன் உரையாடும் கிளீனியாஸ் சாட்சி சொல்கிறார். ஏதென்ஸ்காரர் மறுக்கிறார்: ஒவ்வொன்றுக்கும் பாதை ஒன்றே, அதுவும் வட்டம். ஒலிம்பியாவில் தோற்றவனை வென்றவனாகப் பாடுவதுபோல் நாம் தெய்வங்களைத் தவறாகப் பாடுகிறோம்.

இதில் அரசியல் எங்கே என்று கேட்பார்கள். நூஸ் என்னும் அறிவு வகுத்துத் தருவதே நோமோஸ், அதாவது சட்டம் என்று நான்காம் பகுதியிலேயே சொல்லியாயிற்று. வானமே தறிகெட்டு அலைகிறது என்று நம்பும் குடிமகனிடம், உலகை அறிவு ஆள்கிறது என்று எதைக் காட்டிச் சொல்வது?

'குடியரசை' மட்டும் மேற்கோள் காட்டுவது

வானத்தில் உள்ளவற்றை விட்டுவிடுவோம் என்று பிளேட்டோவின் இன்னொரு நூலான 'குடியரசின்' ஏழாம் பகுதியில் சாக்ரட்டீஸ் சொல்வது உண்மை. மல்லாந்து கூரைச் சித்திரத்தைப் பார்ப்பது மேலான கல்வி ஆகாது என்பதே அங்கே பேச்சு. வானியலை அவர் தள்ளவில்லை. கணக்காகக் கற்கச் சொல்கிறார்.

'எபினோமிஸ்' பிளேட்டோவுடையது என்று அடித்துச் சொல்வது

வேண்டாம். 'சட்டங்கள்' நூலின் தொடர்ச்சியாக வரும் அதை எழுதியவர் அவர்தானா என்பதில் ஐயம் உண்டு.

இரவு அவை இரவெல்லாம் கூடுவதாக எண்ணுவது

'சட்டங்கள்' நூலில் நகரின் சட்டங்களைக் காக்கும் அவை இது. கூடுவது விடியல் தொடங்கிச் சூரியன் எழும் வரைதான். மூத்த சட்டக் காவலர் பத்துப் பேரும் அதில் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஓர் இளையவரை உடன் அழைத்துவர வேண்டும்.