சென்டர் பேரிங் மாற்றும் முன் ஒரு கோடு

லாரியில் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டுதான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்; அதை நடுவில் தாங்குவது சென்டர் பேரிங். இந்த பேரிங்கை மாற்ற ஷாஃப்டைக் கழற்றும் முன், ஷாஃப்டின் இரு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஸ்லிப் ஜாயிண்டிலும், போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சிலும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மாட்டும்போது கோட்டோடு கோடு சேர வேண்டும். சாக்பீஸ் வேண்டாம், டீசல் துணி பட்டால் அழிந்துவிடும். அப்பியிருக்கும் கிரீஸையும் மண்ணையும் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, துடைத்த இரும்பின் மேல் போட்டால்தான் பெயிண்ட் நிற்கும்.

ஸ்லிப் ஜாயிண்டில் உள்ள பல் வரிசையான ஸ்ப்லைன் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே, இரண்டு முனையிலும் கவை போலிருக்கும் யோக்குகள் ஒன்றுக்கொன்று நேர் தவறிவிடும், ஷாஃப்டின் பேலன்ஸும் கெடும். வண்டி வேகம் எடுத்ததும் வரும் அதிர்வு, புது பேரிங்கைத் தாங்கும் ரப்பரைத்தான் கிழிக்கும். பல நேரம் நல்ல பேரிங்கைப் போலி என்று திட்டுவது இதனால்தான்.

ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, பேலன்ஸுக்காக அதில் வைத்த சிறு தகடு விழுந்திருந்தாலோ, யோக்குகளை இணைக்கும் கிராஸில் ஆட்டம் இருந்தாலோ கோடு உதவாது. முன்பே யாராவது மாற்றி மாட்டியிருந்தால் அந்தத் தவறுதான் திரும்ப வரும். ஷாஃப்டின் இரு பாகங்களிலும் அம்புக்குறி இருந்தால் அவை ஒன்றுக்கொன்று நேராக வரும்படி வையுங்கள்.

அப்புறம், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கழற்றவே கழற்றாதீர்கள். கியரை மட்டும் நம்பி நிறுத்திய வண்டி, ஷாஃப்ட் கழன்றதும் உருண்டுவிடும்.