கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சைக்கிளில் சுற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சிங்கப்பூரில் வார இறுதி தவறாமல் சைக்கிள் மிதிக்கும் நம்மவர்கள் பலருக்கு இப்போது ஐரோப்பிய ஏரிகள் மேல் ஒரு கண். அதில் அடிக்கடி அடிபடும் பெயர் கான்ஸ்டன்ஸ் ஏரி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் அதன் கரையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. சுற்றி வர ஏறத்தாழ 260 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. வழிநெடுக ஆப்பிள் தோட்டங்கள், திராட்சைக் கொடிகள், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பழைய ஊர்கள். ஸூரிக்குக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து கான்ஸ்டன்ஸ் நகருக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல. கேட்கவே சுலபமாக இருக்கிறது. அதனால்தான் பலர் கணக்கிலேயே கோட்டை விடுகிறார்கள்.

கணக்கு இப்படித்தான் போகும்: 260-ஐ மூன்றால் வகுத்தால் 87. ஞாயிறு விடியற்காலையில் சாங்கி கரையோரச் சாலையில் 90 ஓட்டிவிட்டு, எட்டரைக்குள் பசியாறிவிடுகிற ஆளுக்கு இது என்ன பெரிய விஷயம்? ஆனால் அந்த 90 விளக்குக் கம்பமும் விமான இரைச்சலும் மட்டுமே துணையாக இருக்கிற நேர்சாலையில் ஓட்டியது. ஏரிக்கரையில் தோட்டங்களுக்கு நடுவே 18, 20 வேகத்தில் போய்க்கொண்டே இருப்பீர்கள். மீர்ஸ்பர்க்கோ லிண்டாவோ வந்ததும் எல்லாம் நின்றுவிடும். கற்கள் பதித்த தெரு, ஐஸ்கிரீம் வரிசை, சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டம், நாய்க் கயிறு, தள்ளுவண்டியில் குழந்தை. நடைபாதை வட்டாரங்களில் சைக்கிளுக்கு அனுமதி என்று பலகை தனியாகச் சொன்னால் ஒழிய, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஊரைக் கடக்க முக்கால் மணி நேரம் போய்விடும், அப்படி ஒரு நாளைக்கு மூன்று ஊர் வரும். என்னைக் கேட்டால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் போதும். அட்டவணை போடும்போது தூரத்தை எழுதாமல் ஊர்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பயிற்சியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். விடியற்காலைச் சாலைப் பயிற்சி காலுக்கு நல்லதுதான். ஆனால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இரண்டு பக்கமும் பையை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். சக்கரக் காலணிப் பிள்ளைகள், திடீரென்று குறுக்கே ஓடும் பந்து, நான்கு பேர் மிதிக்கும் குடும்ப வண்டி எல்லாம் இருக்கும். பைக்குள் பக்கத்துக்கு ஐந்து கிலோ அரிசி மூட்டையைப் போட்டால் கனம் சரியாக வரும். மெதுவாகப் போகும்போதுதான் கனமான வண்டி தள்ளாடும். பிரேக் பிடித்து நின்று, சீட்டிலிருந்து இறங்கி, மறுபடி ஏறுவதுதான் உண்மையான பழக்கம். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு, பையை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைகள் அந்த ஏரியில் உண்டு. கௌரவம் பார்க்காதீர்கள்.

அடுத்தது திசை. அங்கே எல்லாமே வலப்பக்கம். அதனால் கடிகாரம் சுற்றும் திசையில் போனால் ஏரி உங்கள் வலக்கைப் பக்கமே இருக்கும்; காட்சிக்காகவும் ஊர்க்கரையில் நிற்பதற்காகவும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. (ஜப்பானின் பிவா ஏரிக்கு இது நேர்மாறு. அங்கே நம் ஊர் போல இடப்பக்கம் என்பதால் எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள்.) இடம் வலம் மாறுவதை மூளை ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு: பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. அவர் வருவது ஒரு சின்னச் சந்தாக இருந்தாலும் சரி, நீங்கள் போவது பெரிய தெருவாகத் தெரிந்தாலும் சரி. மூன்று நாட்டிலும் இதே விதி. அவர்கள் உரிமை தங்களுடையது என்று நம்பி நிற்காமல் வருவார்கள். நாம் பெரிய தெரு நம்முடையது என்று நம்பிப் போவோம். வட்ட நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் படம் இருந்தால், அந்தப் பாதையில்தான் போக வேண்டும் என்று பொருள்; சாலையில் இறங்கிப் போனால் கார்க்காரர்கள் ஹாரனிலேயே பாடம் நடத்திவிடுவார்கள்.

சுவிஸ் கரையில் பாதை பல இடங்களில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகும், அடிக்கடி குறுக்கே கடக்கும். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும், அதுவும் மழை நேரத்தில் கேட்கவே வேண்டாம். செங்கோணத்தில் கடக்க வேண்டும்; முடியாவிட்டால் இறங்கிவிடுங்கள்.

சமதரை என்று சொன்னேன். ஒரு விதிவிலக்கு: வடமேற்கில் போடன்ரூக் என்ற மேடு. அங்கே கரை செங்குத்து, எனவே பாதை உள்ளே ஏறி இறங்கும். 164 மீட்டர் புக்கித் தீமாவை உச்சியாகக் கொண்ட தீவில் பழகிய தொடைக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம், படகு இருக்கிறது. முழு வட்டத்தையும் மிதித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். கான்ஸ்டன்ஸுக்கும் மீர்ஸ்பர்க்குக்கும் இடையே கார்ப்படகு இரவு பகலாக ஓடுகிறது, கால் மணி நேரம்தான். ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து சுவிஸ் கரையில் உள்ள ரோமன்ஸ்ஹார்னுக்கும் கார்ப்படகு உண்டு. கார்ப்படகில் சைக்கிளுக்கு இடம் கிடைப்பது சுலபம். வெள்ளை உல்லாசக் கப்பல்களில் இடம் குறைவு. வெயில் நன்றாக அடிக்கும் சனிக்கிழமையில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடலாம். கடைசிக் கப்பலை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள்.

இனி சாப்பாடு. நள்ளிரவிலும் பரோட்டா கிடைக்கிற ஊரிலிருந்து போகிறோம், இது சீக்கிரம் உறைக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பேரங்காடிகள் மூடிக் கிடக்கும். காலையில் ரொட்டிக்கடை திறந்திருக்கும், பெரிய ரயில் நிலையத்தில் ஏதாவது கிடைக்கும், அவ்வளவுதான். பல உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு மாலை வரை அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஆகவே சனிக்கிழமையே வாழைப்பழம், ரொட்டி, தயிர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கான்ஸ்டன்ஸ் கடைத்தெருவில் கூட்டம் நெரியும் என்பதும் தெரிந்திருக்கட்டும்: விலை மலிவு என்று சுவிஸ்காரர்கள் எல்லை தாண்டி வருவார்கள், நாம் ஜோகூர் பாருவுக்குப் போவது போல. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வட்டாரத்தில் கேஸ்ஷ்பெட்ஸ்லே கைகொடுக்கும். பாலாடைக்கட்டி சேர்த்த மாவு உருண்டை, மேலே பொரித்த வெங்காயம். மாவில் முட்டை உண்டு, கவனம். தோட்டப் பாதைகளில் ஆளில்லாத சின்ன மேசைகளைப் பார்ப்பீர்கள். பழக்கூடை, பக்கத்தில் ஒரு காசுப்பெட்டி, விலை கையால் எழுதியிருக்கும். அங்கே அட்டை செல்லாது, சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். சுவிஸ் கரைக்குப் போனால் பிராங்க்.

கைத்தொலைபேசி விஷயமும் அங்கே இடிக்கும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. சில ஐரோப்பியத் தரவுத் தொகுப்புகளில் அது சேராது. ஜெர்மன் கரையில் நின்றுகொண்டே எதிர்க்கரைச் சமிக்ஞையைத் தொலைபேசி பிடித்துவிடும். வாங்குமுன் நாட்டுப் பட்டியலைப் பாருங்கள். விசாவைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு வேண்டியதில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதிக்காரர்களுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். மூன்று நாடும் ஷெங்கனுக்குள் வருவதால் ஒன்றே போதும், ஆனால் அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஸூரிக்கில் இறங்குகிறோம் என்பதற்காகச் சுவிஸ் பக்கம் விண்ணப்பித்துவிட்டு நான்கு இரவு ஜெர்மனியில் தங்குவது சிக்கலை விலை கொடுத்து வாங்குவது.

பிள்ளைகளின் ஜூன் விடுமுறையில் போகலாம் என்று நினைப்பது இயல்பு. ஜெர்மன் கரையின் இரண்டு மாநிலங்களிலும் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி இரண்டு வாரம் பள்ளி விடுமுறை. ஈஸ்டரைப் பொறுத்து அது ஆண்டுக்காண்டு நகரும். பல ஆண்டுகளில் நம் ஜூன் விடுமுறையோடு மோதும். தேதியைப் பார்த்துவிட்டுத்தான் விமானச்சீட்டு வாங்க வேண்டும். வார இறுதியில் ஒரே ஒரு இரவுக்கு அறை தர மறுக்கும் விடுதிகளும் உண்டு. இன்னொன்று, ஜூனில் இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அதை நம்பி ஆடி அசைந்து போனால், சின்ன விடுதிகளில் வரவேற்பு மேசை ஆறு மணிக்கே காலியாகியிருக்கும். தாமதமானால் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், சாவியை எங்காவது வைத்துவிட்டுப் போவார்கள்.

கோடைப் பிற்பகல்களில் இடி மழை சட்டென்று வரும். கரை நெடுகிலும் ஆரஞ்சு நிற எச்சரிக்கை விளக்குகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும்; 90 முறை மின்னினால் புயல் எச்சரிக்கை. படகுக்காரர்களுக்காக வைத்ததுதான், ஆனால் சைக்கிள்காரர் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேகமாக மின்னத் தொடங்கிவிட்டால் திறந்த கரையை விட்டு அடுத்த ஊருக்குள் ஒதுங்குங்கள்.

மின்சைக்கிள் பற்றி: உங்களுடையதை விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள், அந்த அளவு பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது மணி, முன்விளக்கு, பின்விளக்கு வேலை செய்கிறதா என்று பாருங்கள், ஜெர்மனியில் இவை சட்டப்படி கட்டாயம். மைனாவ் மலர்த்தீவுக்குள் சைக்கிள் விடமாட்டார்கள், வாசலில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும், அதனால் நல்ல பூட்டாகக் கேட்டு வாங்குங்கள். கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்; மூடியிருந்தால் வண்டியைச் சனிக்கிழமையே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஞாயிறு மாலை ரயிலில் சைக்கிளோடு ஏறலாம் என்ற எண்ணம் வேண்டாம். அந்த நேரத்தில் சைக்கிள் பெட்டியில் கால் வைக்கவே இடம் இருக்காது.